வீட்டுக்காரர் பேரு

உள்ள வாங்க சார். செருப்பு அங்கேயே கிடக்கட்டும். பயப்படாதீங்க, மூலையில இருக்கிற அந்தச் சிவப்பு லைட்டு உங்களைப் பார்த்துத்தான் சிமிட்டுது. ஆள் அசைஞ்சா சிமிட்டும். இப்ப ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன், கத்தாது. உட்காருங்க.

நாலாவது தெருவுல வீடு கட்டுறது நீங்கதானே? பால் காய்ச்சுறதுக்கு முன்னாடியே அலாரம் விசாரிக்க வந்துட்டீங்க பாருங்க, அதுதான் புத்திசாலித்தனம். குடியிருப்போர் சங்கத்துல சொல்லியிருப்பாங்க, "பெருமாள் சாரைப் பாருங்க, இந்தக் காலனியில முதல்ல அலாரம் போட்டது அவருதான்"னு. வேற என்ன சொன்னாங்க? ஒண்ணும் சொல்லலையா? சொல்லியிருப்பாங்க, நீங்க மறைக்கிறீங்க. பரவாயில்லை. அவங்க சொல்றது ஒண்ணு, நடந்தது ஒண்ணு. நானே சொல்றேன். காபி குடுக்கலாம்னா எனக்கு அடுப்புப் பக்கம் போய்ப் பழக்கமில்லை. தண்ணி அந்தா இருக்கு, ஊத்திக்கோங்க.

முதல்ல ஒண்ணு கேக்கிறேன், தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டம்மா உங்க பேரைச் சொல்லுவாங்களா? சொல்லுவாங்களா! நல்லதாப் போச்சு. இந்தக் காலத்துப் பிள்ளைக எல்லாம் 'டா' போட்டே கூப்பிடுதுக. அப்ப உங்களுக்குப் பாதித் தொல்லை இல்லை. எதுக்குக் கேட்டேன்னு பொறவு சொல்றேன்.

நான் நெல் குடோன்ல சூப்பரண்டா இருந்து ரிட்டயர் ஆனவன். வேலை பார்த்த காலம் பூராம் பூட்டு, சாவி, அரக்கு சீலு. ஒரு மூட்டை குறைஞ்சுச்சுன்னு ஒரு பய என்னைக் கேட்டது கிடையாது. அப்பேர்ப்பட்டவன் குடியிருக்கிற காலனியில, பின் தெருவுல ஒரு வீட்டைப் பட்டப்பகல்ல எவனோ ஒரு திருடன் திறந்து அள்ளிட்டுப் போயிட்டான். அவங்க திருச்செந்தூர் போயிருக்காங்க, இவன் பின்கதவு வழியா வந்து பீரோவை உடைச்சு, போகும்போது ஃபிரிட்ஜ்ல இருந்த தயிர்ச்சாதத்தையும் தின்னுட்டுப் போயிருக்கான். எனக்குத் தூக்கம் போச்சு. என்ன நான் சொல்றது, வீட்டுல பொம்பளை தனியா இருக்கா. நானோ சங்கத்து வேலை, ரிட்டயர்மென்ட் ஆளுக கூட்டம், கல்யாணம், காதுகுத்துன்னு எப்பவும் வெளியே. எங்களுக்குப் பிள்ளைகுட்டி இல்லை சார். நானும் கமலமும்தான். செங்கமலம்னு பேரு. நான் கமலம்பேன்.

அப்பத்தான் இதைப் போட்டேன். இதுல வயர் கிடையாது, சுவத்தைக் கொத்த வேண்டியதில்லை, அது ஒரு சவுகரியம். அந்தா ஹால் சுவத்துல இருக்கே, வெள்ளைப் பொட்டி, அதுதான் மூளை. உள்ளே ஒரு சிம் கார்டு இருக்கு. கதவுக்குக் கதவு ரெண்டு துண்டு ஒட்டுவாங்க, கதவுல ஒண்ணு, நிலையில ஒண்ணு. உள்ளே காந்தம். ரெண்டும் பிரிஞ்சா பொட்டிக்குத் தகவல் போயிரும். சன்னலுக்கும் அப்படித்தான். மூலைக்கு மூலை அந்தச் சிவப்புக் கண்ணு. அப்புறம் மாடியில சைரன். அது கத்தினா நாலு தெருவுக்குக் கேக்கும். சாவிக்கொத்து மாதிரி ஒரு ரிமோட் தருவாங்க, அதுல நாலு பட்டன்.

ஒண்ணு சொல்றேன், ஞாபகம் வெச்சுக்கோங்க. அந்தக் கண்ணை டியூப் லைட்டுக்குப் பக்கத்துல வைக்க விடாதீங்க. லைட்டுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், பல்லி அந்தக் கண்ணு மேல ஏறிச்சுன்னா யானை வந்த மாதிரி அலறும். எங்க வீட்டுல முதல் மாசம் வந்த திருடன் பூராம் பல்லிதான்.

மாட்டுறது பெரிய வேலையில்லை, ஒரு பொழுதுல முடிஞ்சிரும். அந்தப் பொட்டிக்குச் சொல்லிக் கொடுக்கிறதுதான் வேலை. புரோகிராம் பண்றதும்பாங்க. எந்தக் கதவுக்கு எந்தப் பேரு, நீங்க உள்ளே வந்து நம்பர் தட்டுறதுக்கு எம்புட்டு நேரம் கொடுக்கணும், வீட்டுல ஆள் இருக்கும்போது எதெது முழிச்சிருக்கணும், இப்படி ஒவ்வொண்ணாச் சொல்லிக் கொடுக்கணும். நான் சொன்னேன், என் சம்சாரம் வீட்டுல இருக்கும்போதும் கதவெல்லாம், அவ போகாத மாடிப்படிப் பக்கத்துக் கண்ணும் முழிச்சே இருக்கட்டும்னு. அவ கதவைத் திறக்கணும்னா முதல்ல நம்பர் தட்டணும். துளசிச் செடிக்குத் தண்ணி ஊத்தணும்னாக்கூட நம்பர் தட்டிட்டுத்தான் பின்கதவைத் திறக்கணும். ரெண்டு தடவை மறந்துட்டுத் திறந்தா. சைரன் அடிச்ச அடியில சொம்பைப் போட்டுட்டு உட்கார்ந்துட்டா. அதுக்கப்புறம் பின்கதவைத் திறக்கிறதையே விட்டுட்டா. எனக்கும் நிம்மதி. செடி பட்டுப் போச்சு, அது கிடக்கட்டும்.

மாட்ட வந்த ஆளு அமல்ராஜ்னு ஒருத்தர். பொறுமையான மனுஷன். ரிமோட்ல நாலாவது பட்டன் உடம்புக்கு முடியலேன்னா அமுக்கறது, அதை அமுக்கினா யாருக்குச் சொல்லணும், ஆஸ்பத்திரி நம்பர் போடவா, சொந்தக்காரங்க நம்பர் போடவான்னு கேட்டாரு. அதெல்லாம் வேண்டாம்யா, இவ குழப்பிக்குவா, அந்தப் பட்டனை அடைச்சு விட்டுருங்கன்னேன். ஆபத்துன்னு ஒரு பட்டன் இருக்கு, அது போதும். அதை அமுக்கினாலும் சரி, சைரன் அடிச்சாலும் சரி, சென்னையில அவங்க கண்ட்ரோல் ரூம்ல மணி அடிக்கும். உடனே அங்கிருந்து பேசுவாங்க. போனை எடுக்கணும்னுகூட இல்லை, அந்தப் பொட்டியிலேயே ஸ்பீக்கர், மைக் எல்லாம் இருக்கு. இங்கே ஹால்ல இருந்து பேசினா அங்கே கேக்கும்.

அவங்க என்ன கேப்பாங்கன்னா, ரகசிய வார்த்தை. பாஸ்வேர்டு. அதைச் சரியாச் சொன்னா, ஓகோ, வீட்டு ஆளுதான், தெரியாம அமுக்கிட்டாங்க, ஒண்ணும் ஆபத்தில்லைன்னு கேன்சல் பண்ணிருவாங்க. சொல்லலேன்னாலோ, தப்பாச் சொன்னாலோ, திருடன் உள்ளே நிக்கிறான்னு அர்த்தம். அடுத்த நிமிஷம் எனக்குப் போன், காலனி வாட்ச்மேனுக்குப் போன், போலீசுக்குப் போன். நல்லாக் கவனிங்க சார், வார்த்தையைச் சொன்னா ஆள் வராது. சொல்லலேன்னா ஆள் வரும். இதுதான் கணக்கு.

அமல்ராஜ் கேட்டாரு, "என்ன வார்த்தை சார் வைக்க? வீட்டுல ரெண்டு பேருக்கும் மறக்காததாச் சொல்லுங்க"ன்னு. நான் சொன்னேன், "என் பேரையே வைய்யா. வீட்டுக்காரன் பேரு வீட்டுக்காரிக்கு மறக்குமா?"

கமலம் அடுப்படி வாசல்ல நின்னுக்கிட்டிருந்தா. மூஞ்சி செத்துப் போச்சு. அவ என் பேரைச் சொல்ல மாட்டா சார். கல்யாணம் ஆன நாளையில இருந்து ஒரு தடவை, விளையாட்டுக்குக்கூட சொன்னது கிடையாது. இத்தனைக்கும் அவ பொறந்த வீடு பெருமாளே கதின்னு கிடக்கிற வீடு. குலசாமியே பெருமாள்தான். சின்னப் பிள்ளையில கால் இடறினாலும் பெருமாளே, பல்லு வலிச்சாலும் பெருமாளேன்னு வாய் ஓயாமச் சொல்லுவாளாம், அவ தம்பி சொல்லுவான். எனக்குக் கழுத்தை நீட்டின அன்னைக்கு நிறுத்தினவதான். கோவிந்தாம்பா, நாராயணாம்பா, ரெங்கநாதாம்பா, இந்த ஒரு பேரு மட்டும் வாயில வராது. கால் இடறினா அம்மான்னு மாத்திக்கிட்டா. யோசிச்சுப் பாருங்க, சாமி பேரையே எனக்காக விட்டுட்டா. எவனுக்குக் கிடைக்கும் இப்படி ஒரு மரியாதை?

அதுல சிரிப்பும் நிறைய உண்டு. முன்னாடி நாங்க வாடகைக்கு இருந்த இடத்துல பஸ் ஸ்டாப் பேரே பெருமாள் கோயில். கண்டக்டர்கிட்ட எப்படிச் சொல்லுவா? அடுத்த ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுத்துட்டு முன்னாலேயே இறங்கிருவா. முக்குல பெருமாள் ஸ்டோர்னு ஒரு மளிகைக்கடை. அதை "நம்ம கடை"ம்பா. நம்மளுக்கு அதுல பங்கு இருக்குன்னு ஊரே நினைச்சுக்கிட்டிருந்துச்சு. ரேஷன் கார்டு விசாரிக்க ஒரு ஆள் வந்தான், குடும்பத் தலைவர் பேரு என்னம்மான்னான். இவ காலண்டர்ல இருக்கிற சாமியைக் காட்டுறா. அவன் வேங்கடாசலபதின்னு எழுதிட்டுப் போயிட்டான். அதைத் திருத்த நான் பட்ட பாடு இருக்கே!

அதனால நான் நினைச்சேன், இதுக்காவது ஒரு தடவை சொல்லட்டுமே. கேக்கணும்னு ஒரு ஆசை சார். ஆம்பளைக்கு இருக்காதா? அவ என்ன சொன்னா தெரியுமா? அந்த ஆளு முன்னாடி, மெதுவா, "வேற ஏதாவது வெச்சுக்கலாமேங்க. புளின்னு வைங்க, பூசணிக்காய்னு வைங்க. இது வாயில வராதுங்க"ன்னா. நான் விடலை. "வரும், வரும், சைரன் அடிச்சா எல்லாம் தன்னால வரும்"னேன். அமல்ராஜும் சிரிச்சுட்டாரு. வெச்சாச்சு.

வந்துச்சா? வரலை! பல்லிக்கு அலாரம் அடிக்கும். பொட்டியில சென்னையிலிருந்து ஒரு பொண்ணு கேக்கும், "வணக்கம் மேடம், பாஸ்வேர்டு சொல்லுங்க." இவ "எங்க வீட்டுக்காரர் பேரும்மா" அப்படிம்பா. "அந்தப் பேரைச் சொல்லுங்க மேடம்." "திருப்பதியில நிக்கிறாரும்மா. ஸ்ரீரங்கத்துல படுத்திருக்காரு." "மேடம், வார்த்தையைச் சொல்லுங்க." "தெரிஞ்சுக்கிட்டே கேக்கிறியேம்மா!" அப்புறம் என்ன, வாட்ச்மேன் தடியைத் தூக்கிக்கிட்டு ஓடி வருவான், எனக்குப் போன் வரும், நான் போட்டது போட்டபடி வருவேன். வந்து பார்த்தா இவ சுவரோட சுவரா நின்னுக்கிட்டிருப்பா. பல்லி மேலே இருக்கும்.

ஒரு தடவை என்ன பண்ணினா தெரியுமா? அடுத்த வீட்டுப் பிரேமா டீச்சரைக் கூட்டியாந்து பொட்டி முன்னாடி நிறுத்தி, "டீச்சர், எங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லுங்க"ன்னு சொல்லச் சொல்லிட்டா. அதுவும் சொல்லி, கேன்சல் ஆயிருச்சு. அப்புறம் அலாரம் அடிச்சா டீச்சர், டீச்சர் இல்லேன்னா இஸ்திரி போடுறவரு. ரகசிய வார்த்தை தெரு பூராம் தெரிஞ்சு போச்சு! இதுக்கா நான் இவ்வளவு பாடுபட்டேன்? வந்த கோவத்துல வாசல்ல நிக்க வெச்சே கேட்டேன். "கட்டின புருஷன் பேரை இஸ்திரிக்காரன் சொல்லணும், நீ சொல்ல மாட்டியா"ன்னு. உள்ளே போயி எனக்குக் காபி கலந்துட்டு வந்தா. நான் கோவக்காரன்தான் சார், ஆனா மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டேன். கத்தி முடிச்சா தீர்ந்துச்சு. அவளுக்கும் அது தெரியும்.

அப்புறம் இன்னொண்ணு நடந்துச்சு. எங்க பழைய மேனேஜர் மகன் கல்யாணம். நான் பந்தியில உட்கார்ந்திருக்கேன், இலையில சோறு விழுது, போன். "சார், உங்க வீட்டுல ஆபத்துப் பட்டன் அமுக்கியிருக்காங்க, பாஸ்வேர்டு சொல்லலை." இலையை மூடிட்டு ஆட்டோ பிடிச்சு ஓடியாரேன். வந்தா இவ நாற்காலியில உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கிட்டிருக்கா. சுத்தி வாட்ச்மேன், டீச்சர், ஒரு போலீஸ்காரர் வேற. என்னன்னு கேட்டா, "மூச்சு அடைச்ச மாதிரி இருந்துச்சுங்க. இப்பச் சரியாப் போச்சு"ங்கிறா. எப்படி இருக்கும் எனக்கு? சொல்லுங்க. போலீஸ்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே, மானம் போச்சு. எல்லாரும் போகட்டும்னு நான் காத்திருக்கலை. "திருடன் வந்தா அமுக்கு. வாயு பிடிச்சா அமுக்காதே. இனிமே ஒரு தடவை சும்மா அமுக்கினே, பொட்டியைப் பிடுங்கி எறிஞ்சிருவேன், அப்புறம் திருடன் வந்து கழுத்தை அறுத்தாலும் என்னைக் கேக்காதே"ன்னேன். டீச்சர்தான் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்கன்னுச்சு. வாயுதான் சார். பெருங்காயம் போட்டு மோர் குடிச்சா. டாக்டருக்கு வேற வேலை இல்லையா? நான் நினைச்சது அப்படி. எவனும் அப்படித்தான் நினைச்சிருப்பான்.

அன்னைக்கு நடந்ததைச் சொல்றேன். சாயங்காலம். சங்கத்துப் பொதுக்குழு. செயலாளர் பதவிக்கு நான் நின்னேன், எதிர்த்து ரெண்டாவது தெரு தனுஷ்கோடி. அவளை உள்ளே வெச்சு வீட்டைப் பூட்டிட்டு, அலாரத்தை ஆன் பண்ணிட்டுப் போனேன். அவ விளக்கேத்துறதுக்குத் திரி கிழிச்சுக்கிட்டிருந்தா. போயிட்டு வாரேன்னேன். சரிங்கன்னா.

கூட்டம் சூடு பிடிச்சிருக்கு. செல்போன்ல டிங்குன்னு ஒரு சத்தம். பார்த்தா கம்பெனிக்காரன் மெசேஜ். ஆபத்துப் பட்டன் அழுத்தப்பட்டது. சரியான பாஸ்வேர்டு சொல்லப்பட்டது. அலாரம் ரத்து. அவ்வளவுதான். நான் இன்னொரு தடவை படிச்சேன். சரியான பாஸ்வேர்டு சொல்லப்பட்டது. கதவு பூட்டியிருக்கு, டீச்சர் ஊருல இல்லை, இஸ்திரிக்காரர் வண்டி என் கண்ணு முன்னாடி நிக்குது. அப்ப யாரு சொன்னது? கமலம்தானே சொல்லியிருக்கணும்?

சார், எனக்குக் கூட்டம் மறந்து போச்சு. எந்திரிச்சு நின்னு சொல்லிட்டேன். "அய்யா, எல்லாரும் கேளுங்க, எங்க வீட்டம்மா இன்னைக்கு என் பேரைச் சொல்லிட்டாங்க"ன்னு. ஒரே சிரிப்பு. கை தட்டினாங்க. தனுஷ்கோடிகூட வந்து கையைக் குலுக்கி, "ஓட்டு உங்களுக்குத்தான் பெருமாள் சார்"னாரு. காபி வந்துச்சு. குடிச்சேன். எண்ணிக்கை முடியட்டும்னு இருந்தேன். நான் ஜெயிச்சேன், அது வேற விஷயம். என்னத்துக்கு அமுக்கினான்னு யோசிக்கலையான்னு அப்புறம் அத்தனை பேரும் கேட்டாங்க. என்னத்துக்கு யோசிக்கணும்? கேன்சல்னா என்ன அர்த்தம்? ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். அதுக்குத்தானே அந்த ஏற்பாடு!

வரும்போது முக்குக் கடையில சூடா பஜ்ஜி வாங்கினேன். அவளுக்கு வாழைக்காய் பஜ்ஜின்னா உயிரு. கதவைத் திறக்கும்போதே சத்தமாச் சொல்லிக்கிட்டே வந்தேன், "என்னடி, என் பேரைச் சொன்னியாமே! எங்க, நேர்ல ஒரு தடவை சொல்லு பார்ப்போம்"னு. பொட்டி கீக் கீக்குங்குது. முதல்ல நம்பரைத் தட்டினேன், இல்லேன்னா சைரன் அடிச்சிரும். அப்புறம் திரும்பினா, இந்தா, நீங்க காலை வெச்சிருக்கீங்களே, அங்கேதான். குப்புறக் கிடக்கா. கையில ரிமோட். விளக்குத் திரி எல்லாம் தரையில.

உடம்பு சில்லிட்டுப் போச்சு சார். ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னாரு, விழுந்த உடனே கொண்டாந்திருந்தா பிழைச்சிருப்பாங்கன்னு. ரொம்ப நேரம் உயிர் இருந்திருக்கு. இங்கேயே, இந்த ஹால்லேயே. நான் பாவிமட்டை அங்கே காபி குடிச்சுக்கிட்டிருந்தேன். கை தட்டினாங்க சார், கை தட்டினாங்க!

இருங்க, தண்ணி குடிச்சுக்கிறேன்.

நான் விடுவேனா? கம்பெனிக்காரனைப் பிடிச்சேன். மெட்ராஸுக்கே போனேன். "நெஞ்சு வலியில துடிக்கிறவகிட்டப் பாஸ்வேர்டு வாங்கிட்டு கேன்சல் பண்ணுவீங்களா, நீங்க மனுஷங்களா"ன்னேன். அந்தப் பொண்ணு, கண்ட்ரோல் ரூம்ல பேசினது, அழுதுக்கிட்டே வந்து நின்னுச்சு. "சார், நான் பாஸ்வேர்டு கேட்டேன், அவங்க சரியாச் சொன்னாங்க, எனக்கு எப்படித் தெரியும்"னுச்சு. சரியாச் சொன்னாளா? நான் எழுதிக் கொடுத்தது பெருமாள். அவ சொன்னது பெருமாளே. கடைசி எழுத்து மாறுதுல்ல? குடோன்ல ஓர் எழுத்து மாறினா லாரியைத் திருப்பி அனுப்பிருவேன் நான். கேஸ் போட்டிருக்கேன். நடக்குது. அதுல அவங்க தரப்புல, அன்னைக்குப் பொட்டியில பேசினது பதிவான இந்த ரெக்கார்டைக் கொடுத்தாங்க. செல்போன்ல ஏத்தி வெச்சிருக்கேன்.

இப்ப விஷயம் என்னன்னா, கம்பெனிக்காரன் சொல்றான், அவங்க பாஸ்வேர்டு சொன்னாங்கன்னு. அது பொய். அவ பாஸ்வேர்டு சொல்லலை. அவ என்னைக் கூப்பிட்டிருக்கா. ஆயுசு பூராம் சொல்லாத பேரைக் கடைசியில, என்னை நினைச்சு, வாய்விட்டுக் கூப்பிட்டிருக்கா. இதுல என்ன சந்தேகம்?

ஆனா என் மச்சினன் இருக்கானே, வரதராசு, அவ தம்பி. திதிக்கு எல்லாரும் வந்திருக்கும்போது இதைப் போட்டுக் காட்டினேன். பாருங்கடா, உங்க அக்கா என்னைக் கூப்பிட்டிருக்கான்னு. அவன் கேட்டுட்டு அழுதான். அப்புறம் சொல்றான், "மாமா, அக்கா சாமியைக் கூப்பிட்டிருக்கு மாமா. சின்னப் பிள்ளையில கூப்பிட்ட மாதிரியே கூப்பிட்டிருக்கு"ன்னு. எனக்கு எப்படி இருக்கும்? "எதை வெச்சுடா சொல்றே"ன்னேன். "பெருமாளேக்கு அப்புறம் கேளுங்க"ன்னான். அதுக்கப்புறம் அவ ஒண்ணு சொல்றா சார். என்னை எடுத்துக்கோன்னு. "உங்களை என்னைக்காவது அக்கா 'கோ'ன்னு பேசியிருக்கா? எடுத்துக்கோங்க, சாப்பிடுங்க, உட்காருங்கன்னு 'ங்க' போடாம ஒரு வார்த்தை உங்ககிட்டப் பேசியிருக்கா? சாமியைத்தான் மாமா நாம நீ வா போன்னு பேசுவோம்"ங்கிறான். என் வீட்டுலேயே உட்கார்ந்துக்கிட்டு! அடிக்கப் போயிட்டேன். வெளியே போடான்னுட்டேன். அதோட அவனும் வர்றதில்லை, அந்தப் பக்கத்து ஆளுக யாரும் வர்றதில்லை. போகட்டும்.

அவனுக்குப் புரியலை. என்னை எடுத்துக்கோன்னா என்ன? கீழே விழுந்து கிடக்கா, எந்திரிக்க முடியலை. என்னைத் தூக்கிக்கோங்கன்னு அர்த்தம். புருஷன்கிட்டத்தானே சொல்லுவா? சாமியா வந்து தூக்கப் போகுது? அப்புறம் அந்த 'ங்க'. அவ சொல்லியிருக்கா சார். சொல்லாம இருக்க மாட்டா. ஒரு நாள் விட்டது கிடையாது. அவளுக்கு நூத்துநாலு காய்ச்சல் அடிச்சப்போகூட, பிதற்றும்போதுகூட, சாப்பிட்டீங்களான்னுதான் கேட்டா. விஷயம் என்ன தெரியுமா, அந்தக் கண்ட்ரோல் ரூம் பொண்ணு, பெருமாளேன்னு காதுல விழுந்த உடனே, அவசரப்பட்டு, "நன்றிங்க மேடம், அலாரம் கேன்சல் பண்ணிட்டோம்"னு மேல விழுந்து பேசிருச்சு. இவ பேசறதும் அது பேசறதும் ஒண்ணா வருது. இவ சொன்ன 'ங்க' அதுக்கு அடியில மாட்டிக்கிச்சு. டவுன்ல ஒரு ரெக்கார்டிங் கடைக்காரர்கிட்டக் கொண்டு போனேன். ரெண்டு குரலையும் பிரிச்சுக் கொடுங்கன்னு. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு, பிரிக்க முடியாது அய்யான்னுட்டாரு.

நீங்க கேளுங்க சார். நீங்க வெளியாளு, யார் பக்கமும் இல்லை. நான் ஒண்ணும் சொல்லிக் கொடுக்க மாட்டேன். காதைக் கிட்டக் கொண்டாங்க. இந்தா... மணி அடிக்குது. வணக்கம் மேடம்னு அது சொல்லுது... பாஸ்வேர்டு கேக்குது. இப்ப ஒரு முனகல் வரும். அதான். அவதான். இப்ப... இப்பக் கேளுங்க.

கேட்டுச்சா? கேட்டுச்சுல்ல? நன்றிங்கன்னு வருதே, அந்த 'ங்க' இல்லை சார். அது அந்தப் பொண்ணோடது. அதுக்கு அடியில, மெல்லிசா ஒண்ணு. கமலம் எப்பவும் சத்தமாப் பேச மாட்டா. எனக்குக் கேக்குது. தினம் கேக்கிறேன், ஒவ்வொரு தடவையும் கேக்குது. சொல்லுங்க, 'ங்க' இருக்கா, இல்லையா?

ஏன் எந்திரிக்கிறீங்க? உட்காருங்க சார். அலாரம் விஷயம் இன்னும் பாதிகூடச் சொல்லலை. அந்த ஃபேன் சத்தம்தான் கெடுக்குது. நிப்பாட்டிட்டு வாரேன். இன்னொரு தடவை வெக்கிறேன், கேளுங்க.